சைகா இரலையும் நெற்பூக் குருவியும்: இன்றைக்கு எது அதிக ஆபத்தில் இருக்கிறது?

வலசைப்பாதை:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒன்றை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கசக்ஸ்தான் புல்வெளியில் சைகா என்று ஓர் இரலை உண்டு. நம்ம ஊர் வெள்ளாட்டுக் கிடாவை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். மூக்குதான் விசேஷம். பாதியில் நின்றுபோன தும்பிக்கை மாதிரி வாய்க்கு மேலே தொங்கும். கோடையில் மந்தை கிளப்பும் புழுதியை அந்த மூக்கு வடிகட்டும். குளிர்காலத்தில் உறைபனிக் காற்றை நுரையீரலுக்குப் போகும் முன்னே சூடாக்கும். மாமூத் யானைகள் நடமாடிய காலத்தில் இந்த இரலை பிரிட்டன் முதல் அலாஸ்கா வரை மேய்ந்திருக்கிறது.

அதே பரந்த நிலத்தின் வடக்கே, ரஷ்யாவின் ஈரப் புல்வெளிகளில் ஒரு சின்னப் பாட்டுக் குருவி இருக்கிறது. மஞ்சள் மார்பு பன்டிங் என்பார்கள், தலைப்பில் சொன்ன நெற்பூக் குருவி இதுதான். 15 செ.மீ. நீளம், எடை 25 கிராம் பக்கம். ஆணுக்கு முகம் கறுப்பு, உச்சந்தலை செம்பழுப்பு, வயிறு நல்ல மஞ்சள், மார்பின் குறுக்கே ஒரு செம்பழுப்புப் பட்டை. கோடையில் புதர் நுனியில் உட்கார்ந்து பாடும். குளிர் வந்தால் சீனா வழியாக இறங்கி மியான்மர், தாய்லாந்து, கம்போடியா, வங்கதேசம், நேபாளத் தராய், நம் வடகிழக்கு மாநிலங்கள் வரை வரும்.

என்னை உறுத்துவது இதுதான். 2002ல் சைகா 'மிக அருகிய இனம்' என்று, உயிரினங்களின் ஆபத்து நிலையைச் சொல்லும் IUCN சிவப்புப் பட்டியலில் ஏறியது. அப்போது இந்தக் குருவி 'கவலை குறைந்த இனம்'. 2017ல் குருவி அதே 'மிக அருகிய' நிலைக்கு வந்துவிட்டது. 2023 டிசம்பரில் சைகா அந்த நிலையை விட்டு வெளியேறி 'அச்சுறுத்தலை நெருங்கிய இனம்' ஆனது. ஒன்று கரையேறியபோது இன்னொன்று மூழ்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் வேட்டையாடியவன் மனிதன். இரண்டுக்கும் பெரிய சந்தை ஒரே நாட்டில். பிறகு ஏன் இப்படி? சைகாவுக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கு கிடைத்திருந்தாலும் இந்தக் குருவி இந்த நிலைக்கு வந்திருக்காது என்பது என் எண்ணம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நீலவானம்:

நல்ல இழை அண்ணா. ஒரு சந்தேகம். சைகாவை மான் என்று சொல்லலாமா? எங்கள் புத்தகத்தில் ஆன்டிலோப் என்பதற்கும் மான் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

வலசைப்பாதை:

பேச்சு வழக்கில் சொல்லலாம் தம்பி, தப்பில்லை. ஆனால் தமிழில் அதற்கென்றே 'இரலை' என்ற பழைய சொல் இருக்கிறது. புள்ளிமானுக்குக் கொம்பு கிளைவிடும், ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும். இரலைக்குக் கொம்பு கிளைக்காது, உதிராது. கோடியக்கரையிலும் கிண்டியிலும் பார்க்கிற வெளிமான் இரலைதான். சைகாவில் ஆணுக்கு மட்டும் கொம்பு. மெழுகு நிறத்தில், வளையம் வளையமாக, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி இருக்கும். அந்தக் கொம்புதான் அதற்கு எமன்.

சிங்கை_மலர்:

அந்தக் கொம்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இருபது வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு சீன மருந்துக்கடை. கண்ணாடி அலமாரியில் சின்ன டப்பாவில், சீவல் மாதிரி, இழைப்புளியால் இழைத்த மரச்சுருள் போல வெள்ளையாக இருக்கும். பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியில் 'லிங்யாங்' என்று எழுதிய குளிர்ச்சித் தண்ணீர் பாட்டில்கள். காய்ச்சலுக்கும் உடல் சூட்டுக்கும் குடிப்பார்கள். என் மகனுக்கு டைபாய்டு வந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி அன்போடு ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அது ஒரு மிருகத்தின் கொம்பு என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. லேபிளில் இருந்த மான் படத்தைக் கடை முத்திரை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் வெந்தயமும் நன்னாரியும் போட்டுச் சூட்டைத் தணிப்பது போல அவர்களுக்கு அது. ஆனால் அந்தச் சீவலும் நம் நகமும் ஒரே பொருள், கெரட்டின். அதற்காக ஓர் இனத்தின் ஆண்களையே துடைத்தெடுத்திருக்கிறார்கள்.

வலசைப்பாதை:

மலர் அக்கா, 'ஆண்களையே துடைத்தெடுத்தார்கள்' என்றீர்களே, அது அப்படியே நடந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்ததும் கூட்டுப் பண்ணைகள் இழுத்து மூடப்பட்டன. ஊரே வேலை இழந்தது, சீன எல்லை திறந்தது. மோட்டார் சைக்கிளில் விரட்டிச் சுட்டால் கறியும் கிடைக்கும், கொம்புக்குக் காசும் கிடைக்கும். 1990களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 10 லட்சமாக இருந்த சைகா, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் 50,000 அளவுக்கு வந்துவிட்டது. ரஷ்யாவின் கல்மிக்கியாவில் ஒரு கட்டத்தில் வளர்ந்த ஆண்கள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மூத்த பெட்டைகள் இருக்கிற ஒன்றிரண்டு கிடாக்களைச் சுற்றி நின்றுகொண்டு இளம் பெட்டைகளை முட்டி விரட்டின. அந்த வருஷம் பெரும்பாலான இளம் பெட்டைகள் சினையாகவே இல்லை. 2003ல் இது ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. காண்டாமிருகத்தைக் காப்பாற்றத் துடித்தவர்களில் சிலர், அதன் கொம்புக்கு மாற்றாகச் சைகா கொம்பைப் பயன்படுத்தலாம் என்று அந்தக் காலத்தில் பரிந்துரைத்தார்கள். அப்போது சைகா லட்சக்கணக்கில் இருந்ததால் அதற்கு என்ன ஆகிவிடும் என்று எண்ணிவிட்டார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கொட்டில்_மருத்துவர்:

தம்பி, நீங்கள் எழுதியதில் ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சைகா கரையேறிவிட்டது என்கிறீர்கள். முப்பது வருஷம் கால்நடை மருத்துவனாக இருந்தவன் சொல்கிறேன், அது இன்னும் கரையேறவில்லை.

2015 மே மாதம் நடந்ததை எல்லாரும் மறந்துவிட்டீர்களா? கசக்ஸ்தானின் பெட்பாக்-டாலா புல்வெளி. பெட்டைகள் ஆயிரக்கணக்கில் கூடிக் குட்டி போடுகிற நேரம். மூன்று வாரத்தில் 2 லட்சத்துக்கும் மேல் செத்து விழுந்தன. உலகில் அன்றைக்கு இருந்த சைகாவில் பாதிக்கு மேல். நோய் கண்ட மந்தையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முதலில் தாய் விழுந்தது, பிறகு அதன் மடியை முட்டிக்கொண்டிருந்த குட்டி.

காரணம் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியா. இதைப் படிக்கிற மாடு வளர்க்கும் நண்பர்களுக்கு அது புதிதல்ல. நம்ம ஊரில் தொண்டை அடைப்பான் என்கிறோமே, அதேதான். காலையில் மேயப் போன எருமை மாலையில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். தொட்டால் உடம்பு கொதிக்கும். தாடைக்குக் கீழே கைவைத்தால் மாவைப் பிசைந்த மாதிரி வீக்கம். மூச்சு இழுக்கும்போது குறட்டைச் சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்கும். விடிவதற்குள் போய்விடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே தெருவில் ஒன்பது எருமை போனது. அந்த வீட்டு அம்மாக்கள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் மழைக்கு முன்னே தடுப்பூசி, தடுப்பூசி என்று ஊர் ஊராகக் கத்துகிறோம்.

இந்தக் கிருமி வெளியிலிருந்து வரவேண்டியதே இல்லை. நலமாக இருக்கும் பிராணியின் தொண்டைச் சதையிலேயே சும்மா குடியிருக்கும். அந்த மே மாதம் குட்டி போடுவதற்கு முந்தைய நாட்களில் வழக்கத்துக்கு மாறான வெப்பமும் காற்றில் ஈரப்பதமும் இருந்தன. அந்தச் சூழலில்தான் கிருமி பெருகி இரத்தத்தில் இறங்கியது என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். 1981லும் 1988லும் இதே மாதிரிக் கூட்டச் சாவுகள் நடந்திருக்கின்றன. தட்பவெப்பம் மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் இது மறுபடி வராது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? காட்டு மந்தைக்கு யார் ஊசி போடுவது?

2017ல் மங்கோலியாவில் ஆட்டுக்கொல்லி நோய் வீட்டு ஆடுகளிடமிருந்து தாவி அங்குள்ள சைகாவை ஆயிரக்கணக்கில் கொன்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலசைப்பாதை:

டாக்டர் ஐயா, நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது. 'கரையேறிவிட்டது' என்று நான் எழுதியது அவசரம்தான்.

ஆனாலும் அந்த அடிக்குப் பிறகு என்ன ஆனது பாருங்கள். 2019ல் கசக்ஸ்தானில் எண்ணியபோது 3,34,000. 2021ல் 8,42,000. 2022ல் 13 லட்சம், 2023ல் 19 லட்சம், 2024ல் 28 லட்சத்துக்கும் மேல். பெட்டை ஒரு வயதிலேயே குட்டி போடும். அதற்குப் பிறகு பெரும்பாலும் இரட்டைதான். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தால் போதும், பெருகிவிடும்.

துப்பாக்கிச் சத்தம் தானாக ஓயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2000களின் நடுவில் 'அல்டின் டாலா' என்ற முயற்சி தொடங்கியது. கசக் அரசும் அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் வெளிநாட்டு அமைப்புகளும் சேர்ந்து பல்லாயிரம் சதுர கிலோமீட்டரைக் காப்பிடமாக்கின. ஆண்டுதோறும் விமானத்திலிருந்து எண்ணினார்கள். 2019ல் வேட்டைக்காரர்களைத் தடுக்கப் போன காவலர்கள் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு சட்டம் இன்னும் கடுமையானது. 2024ல் அந்த முயற்சிக்குச் சுற்றுச்சூழல் பணிக்கான எர்த்ஷாட் பரிசு கிடைத்தது. அந்தக் காவலர்களின் குடும்பங்களை நினைத்தால்தான் மனசு கனக்கிறது.

கரிசல்காடு:

அண்ணே, நான் நூத்தி இருபது ஆடு வச்சிருக்கிறவன். என் பக்கமிருந்தும் ஒரு வார்த்தை. 28 லட்சம் சைகான்னு சந்தோஷப்படுறோம், சரி. அந்த ஊர்க்காரன் மேய்ச்சல் நிலத்துல ஒரே ராத்திரியில பத்தாயிரம் இரலை இறங்கினா அவன் ஆடு மாடு எதைத் தின்னும்? குளிர்காலத்துக்கு வெட்டி வைக்க வேண்டிய புல்லு போச்சு, தண்ணிக் குட்டை கலங்கிப் போச்சு. மேற்குக் கசக்ஸ்தான் விவசாயிங்க கத்தினதுல நியாயம் இருக்கு. 2023ல அரசாங்கமே ஒரு பங்கைப் பிடிக்க அனுமதிச்சது. எங்க பக்கம் மயில் வந்து கடலைச் செடியைக் கொத்திட்டுப் போறப்ப நாங்க என்ன பாடு படுறோம்னு எனக்குத் தெரியும். காப்பாத்துற பாரத்தை மேய்க்கிறவன் தலையில மட்டும் இறக்கினா எந்த உயிரும் நிலைக்காது.

அந்தக் குருவி எப்படிச் செத்துது? அதைச் சொல்லுங்க. இரலையைப் பத்தியே பேசிட்டிருக்கோம்.

வலசைப்பாதை:

சரியாகச் சொன்னாய் தம்பி, குருவியை ஓரம் கட்டிவிட்டோம். இழை தொடங்கியதே அதற்காகத்தான்.

1980களில் இந்தக் குருவி யூரேசியாவிலேயே மிக அதிகமாக இருந்த பறவைகளில் ஒன்று. பின்லாந்து முதல் ஜப்பான் வரை கூடு கட்டியது. 2015ல் வந்த ஓர் ஆய்வு, 1980க்கும் 2013க்கும் இடையில் எண்ணிக்கை 84 முதல் 95 சதவீதம் வரை சரிந்தது என்றது. வாழும் பரப்பு மேற்கிலிருந்து 5,000 கிலோமீட்டர் சுருங்கியிருந்தது. பின்லாந்தில் இப்போது கூடு கட்டுவதே இல்லை.

செத்த விதம் இது. வலசை வரும் வழியில் சீனாவின் யாங்சி ஆற்றுச் சமவெளியில் கூட்டமாக நின்று இறகு மாற்றும். இரவில் நாணல் புதரிலும் நெல் வயலிலும் ஆயிரக்கணக்கில் ஒண்டும். ஒண்டுகிற இடம் தெரிந்தால் ஒரு நைலான் வலை போதும். சீனத்தில் அதன் பெயருக்கு 'நெற்பூக் குருவி' என்று பொருள். நெல் பூக்கும் காலத்தில் வருவதால் அந்தப் பெயர். எவ்வளவு அழகான பெயர் பாருங்கள். தென்சீனாவின் குவாங்டாங் பகுதியில் அது விருந்துச் சாப்பாடு. 'வானத்து ஜின்செங்' என்றார்கள் (ஜின்செங் அவர்கள் மருந்தாகச் சாப்பிடும் ஒரு வேர்), உடம்புக்கு வலு என்றார்கள். 1997ல் சீன அரசு பிடிக்கத் தடை போட்டது. ஆனால் 2001ல் குவாங்டாங் மாகாணத்தில் மட்டும் 10 லட்சம் குருவிகள் தின்னப்பட்டதாக ஒரு மதிப்பீடு உண்டு. தடைக்குப் பிறகு விலை ஏறியது, திருட்டுச் சந்தை பெருத்தது.

மலர் அக்கா தன் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் குறை சொல்லவில்லை. நானும் சீனர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் சிட்டுக்குருவி லேகியம் விற்றதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரு கைப்பிடிச் சிறகும் எலும்பும் ஆணுக்கு வலு கொடுக்கும் என்ற நம்பிக்கை நமக்கும் சொந்தமானதுதான்.

நீலவானம்:

அண்ணா, குருவியும் நிறைய முட்டை இடும்தானே? சைகா மாதிரி அதுவும் சீக்கிரம் பெருகிவிடாதா?

வலசைப்பாதை:

நல்ல கேள்வி. ஒரு கூட்டில் நாலைந்து முட்டை இடும். அதனால் பெருகும் திறன் அதற்கும் இருக்கிறது. வித்தியாசம் வேறிடத்தில்.

சைகாவின் பெரும்பகுதி கசக்ஸ்தான் என்ற ஒரே நாட்டுக்குள் இருக்கிறது. அந்த ஒரு அரசு முடிவெடுத்தால் போதும். குருவி ரஷ்யாவில் பிறக்கிறது, சீனாவில் இறகு மாற்றுகிறது, கம்போடியாவிலோ நேபாளத்திலோ குளிர்காலம் கழிக்கிறது. எட்டுப் பத்து நாடுகளில் ஒரு நாட்டில் வலை விரித்திருந்தாலும் மற்ற நாடுகளின் பாடு வீண். சைகாவை விமானத்திலிருந்து எண்ணலாம், 25 கிராம் குருவியை எப்படி எண்ணுவது? ஒரு புல்வெளியில் வழக்கமாகக் கேட்கும் பாட்டு இந்த வருஷம் கேட்கவில்லை என்று ஒரு தன்னார்வலர் குறிப்பேட்டில் எழுதுவார். அப்படிப் பல குறிப்பேடுகளைச் சேர்த்துப் பார்த்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. அதற்குள் பத்தில் ஒன்பது போய்விட்டது. 2 லட்சம் சைகா செத்தபோது புல்வெளி முழுக்கக் கிடந்த உடல்களை உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் காட்டின. அதைவிடப் பல மடங்கு குருவிகள் செத்தன. ஒரு படத்துக்குக்கூட உடல் மிஞ்சவில்லை, எல்லாம் தட்டில் போய்விட்டது.

கொட்டில்_மருத்துவர்:

இந்தக் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். மந்தை நோயில் செத்தால் பிணம் கிடக்கும், அறுத்துப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கலாம். இங்கே அறுத்துப் பார்க்கவே ஒன்றும் இல்லை. உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது தம்பி. சைகா இன்னும் நோயாளிதான், ஆனால் படுக்கைக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிறது. குருவிக்கு அதுகூட இல்லை.

கரிசல்காடு:

வலை மட்டும்தான் காரணமா அண்ணே? வயல் மாறினதும் காரணமா இருக்கும்னு தோணுது. எங்க தாத்தா காலத்துல அறுப்பு முடிஞ்ச தாளு மாசக்கணக்குல நிலத்துல நிக்கும். உதிர்ந்த நெல்லு, புல்லு விதை எல்லாம் கிடக்கும். குருவி கூட்டம் கூட்டமா வரும். இப்ப அறுவடை மெஷின் போன மறுநாளே டிராக்டர் இறங்குது. களைக்கொல்லி அடிச்சா புல்லு விதையே இல்லை.

வலசைப்பாதை:

நூற்றுக்கு நூறு உண்மை தம்பி. குளிர்காலம் கழிக்கும் நாடுகளில் தாள் நிற்கும் நிலம் குறைவதும் களைக்கொல்லியும் அதை வாட்டுகின்றன. புண்ணியத்துக்குப் பறவையை விடுவிக்கும் வழக்கமும் ஒரு கண்ணி. கம்போடியா போன்ற இடங்களில் கோயில் வாசலில் கூண்டில் வைத்து விற்பார்கள். காசு கொடுத்துத் திறந்து விடுவார்கள். விடுவிப்பதற்காகவே பிடிக்கிறார்கள் என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

2021ல் சீனா இந்தக் குருவியை முதல் நிலைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது, பாண்டா இருக்கும் அதே வரிசையில். சில இடங்களில் சரிவு நின்று எண்ணிக்கை லேசாக ஏறுவதாகவும் செய்தி வருகிறது. நான் நம்பிக்கையை விடவில்லை.

சிங்கை_மலர்:

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். போன நவம்பரில் ஹாங்காங் போனபோது லாங் வேலி என்ற இடத்துக்கு நானும் மகனும் போயிருந்தோம். ஷெங் சுய் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம். சுற்றிலும் அடுக்குமாடிகள், நடுவில் துண்டு துண்டாக நெல் வயல். அந்த நெல்லில் ஒரு பகுதியை அறுக்காமல் நெற்பூக் குருவிகளுக்காகவே விடுகிறார்கள். பறவைச் சங்கமும் விவசாயிகளும் பல வருஷமாகச் சேர்ந்து இதைச் செய்துவருகிறார்கள்.

காலை ஏழு மணி. கதிர் எல்லாம் பழுத்துச் சாய்ந்து கிடந்தது, எங்கள் மன்னார்குடிப் பக்கத்து வயலில் நிற்கிற மாதிரியே இருந்தது. 'டிக்' என்று மெல்லிய சத்தம், ஈர்க்குச்சி ஒடிகிற மாதிரி. ஒரு கதிர் மட்டும் காற்றில்லாமல் ஆடியது. மகன்தான் முதலில் பார்த்தான். ஆண் பறவையாகத்தான் இருக்க வேண்டும், குளிர்கால இறகில் முகத்துக் கறுப்பு மங்கியிருந்தது, ஆனால் வயிற்று மஞ்சள் தெரிந்தது. கதிரைக் காலால் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கி ஒவ்வொரு நெல்லாக உரித்துத் தின்றது. உமி கீழே விழுவது பைனாகுலரில் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் ஆறு பறவை பார்த்தோம்.

பக்கத்து வரப்பில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்து நிமிர்ந்தார். கை விரலை உதட்டில் வைத்துச் சத்தம் போடாதீர்கள் என்று காட்டினார். பிறகு அவரும் எங்களோடு நின்று பார்த்தார்.

கரிசல்காடு:

அக்கா, அந்த அறுக்காம விட்ட நெல்லுக்கு விவசாயிக்குக் காசு தர்றாங்களா? தெரிஞ்சா சொல்லுங்க. எங்க ஊர்ல ரெண்டு பேர்கிட்ட இதைப் பேசிப் பார்க்கணும்.

சிங்கை_மலர்:

ஆமாம் தம்பி, விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுத்துத்தான் அந்தத் திட்டம் நடக்கிறது என்று அங்கிருந்த வழிகாட்டி சொன்னார். விவரம் கேட்டு அவர்களுக்கு எழுதுகிறேன், பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.